வினாவை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுழைவுத் தேர்வுகளின் வாசித்துப் புரிதல் பகுதிக்கான யோசனைகளைத் தொகுத்து, தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வினாக்களை முதலில் படியுங்கள், அவற்றிலுள்ள முக்கியச் சொற்களைப் பத்தியில் தேடுங்கள், வேகமாகப் படிக்கப் பழகுங்கள், படித்த வரிக்குத் திரும்பிப் போகாதீர்கள் என்று நான்கு யோசனைகள் அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருந்தன. பல ஆண்டுகளாக இந்தப் பகுதிக்கு மாணவர்களைத் தயார்செய்து வருபவன் என்ற முறையில், இவற்றில் முதலாவது சில தேர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், இரண்டாவது நேரடியாகவே தீங்கு செய்யும் என்பதையும், மற்ற இரண்டும் உழைப்பைத் தவறான இடத்தில் செலவிட வைப்பவை என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இரண்டாவது யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் கண்டுபிடித்து, அதே சொல்லைத் தாங்கி நிற்கும் தெரிவைக் குறித்துவிடுவது என்பது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மாணவர்கள் செய்யும் காரியம். வினாத்தாள் அமைப்பவர்களும் அதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் பத்தியின் சொற்களை அப்படியே எடுத்துத் தவறான தெரிவுகளில் வைப்பதும், சரியான தெரிவை வேறு சொற்களில் மாற்றி எழுதுவதும் அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், பத்தியைப் படித்து விடை சொல்லும் பிள்ளைகளின் பிழைகளை ஆராய்ந்து 1917-இல் எழுதியபோதே இதைக் கண்டிருந்தார். ஏதோ ஒரு சொல் அளவுக்கு மீறிய வலிமையோடு மனத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றச் சொற்கள் தமக்குரிய இடத்தை இழக்க, விடை தடம் மாறிவிடுகிறது என்பது அவர் கண்டது. பத்தியைப் புரிந்துகொள்வது கணக்கைத் தீர்ப்பது போன்றது என்றும், தேவையான கூறுகளைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் உரிய எடையைத் தந்து சரியான உறவில் சேர்க்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு முதன்முதலில் நடந்த 1926-க்கும் ஒன்பது ஆண்டுகள் முந்தைய கருத்து இது. சொல்லைத் தேடு என்று இன்றும் நாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் இது விளங்கும். வகுப்பில் பயன்படுத்துவதற்காக நானே எழுதிய சிறு பத்தி ஒன்று உண்டு. "நகரங்களில் வாழும் சில பறவைகள், காட்டில் வாழும் அதே இனப் பறவைகளைவிட உயர்ந்த சுருதியில் பாடுகின்றன. போக்குவரத்து இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதை மீறிக் கேட்கும்படி பாடுவதற்காகவே பறவைகள் சுருதியை உயர்த்திக்கொண்டன என்று ஆய்வாளர்கள் சிலர் விளக்கினர். ஆனால், உரத்துப் பாடும்போது சுருதியும் கூடவே உயர்வதுண்டு. ஆகவே இந்த உயர்வு, உரத்துப் பாடியதன் பக்கவிளைவாகவும் இருக்கக்கூடும்." இதன் ஆசிரியர் எந்தக் கருத்தை ஏற்பார் என்பது வினா. உரத்துப் பாடுவதே சுருதி உயர்வுக்குக் காரணம் என்பது முதல் தெரிவு. நகர இரைச்சல் பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கிறது என்பது இரண்டாவது. சுருதி உயர்வு இரைச்சலை வெல்வதற்காகவே தோன்றியது என்பது மூன்றாவது. ஒரு மாற்றம் பயனுள்ளதாக இருப்பதாலேயே அது அந்தப் பயனுக்காக ஏற்பட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது என்பது நான்காவது.

பெரும்பாலான மாணவர்கள் முதல் தெரிவைத்தான் குறிப்பார்கள். "உரத்துப் பாடுதல்", "சுருதி உயர்வு" ஆகிய இரண்டு தொடர்களும் அதில் இருக்கின்றன. அந்தக் கருத்து பத்தியின் கடைசியிலும் வருகிறது. ஆனால் பத்தி "இருக்கக்கூடும்" என்கிறது, தெரிவோ "காரணம்" என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. "உம்" என்ற இடைச்சொல்லும் "கூடும்" என்ற துணைவினையும் மாணவரின் கண்ணுக்குத் தப்பியதுதான் பிழை. மூன்றாவது தெரிவு, ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறர் கருத்தை ஆசிரியருடைய கருத்தாகவே காட்டுகிறது. இரண்டாவது தெரிவு, செய்தித்தாள் படிக்கும் மாணவரைப் பிடிக்க வைத்த வலை. உலகில் அது உண்மையாகவே இருந்தாலும் இந்தப் பத்தியில் அதற்கு ஒரு வரியும் இல்லை. சரியான விடையான நான்காவதில் பறவை இல்லை, பாட்டு இல்லை, சுருதி இல்லை, நகரமும் இல்லை. சொல் தேடிப் போனவர் முதலில் தள்ளிவிடுவது இதைத்தான்.

வெளி அறிவைப் பற்றி இங்கே என் சொந்தச் சறுக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பொருளாதாரம். ஒருமுறை மாணவர்களோடு அமர்ந்து நானும் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதினேன். அதில் குறைந்தபட்சக் கூலி பற்றிய பத்தி ஒன்று வந்தது. நமக்குத் தெரிந்த விஷயம்தானே என்று மேலோட்டமாகப் படித்து, ஐந்து வினாக்களில் மூன்றைத் தவறவிட்டேன். அடுத்து வந்த மேற்கத்திய இசை வரலாற்றுப் பத்தியில் எனக்கு ஒரு பெயர்கூடப் பழக்கமில்லாததால் வரிவரியாகப் பிடித்துப் படித்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். பொருளாதாரப் பத்தியில் நான் விடை சொன்னது ஆசிரியர் எழுதியதற்கு அல்ல, அவர் எழுதியிருக்க வேண்டும் என்று நான் எண்ணியதற்கு.

இதைச் சொல்வதால் பொது அறிவு தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியை 64 பள்ளி மாணவர்களிடம் தந்து 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் நடத்திய ஆய்வில், வாசிப்புத் திறன் குறைவாக இருந்தும் ஆட்டத்தை அறிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அறிவியல், வரலாறு, சட்டம், கலை எனப் பலதுறைக் கட்டுரைகளை மாதக்கணக்கில் படித்துவந்தவருக்குப் பத்தி எளிதில் வசப்படுவது இதனால்தான். அந்த அறிவு பத்திக்குள் நுழைய உதவும்; விடைக்குச் சான்றாக நிற்காது. அமெரிக்க மருத்துவக் கல்விக்கான எம்கேட் தேர்வின் வாசிப்புப் பகுதியை நடத்துபவர்கள், விடைக்கு வேண்டியதெல்லாம் பத்தியிலும் வினாவிலும் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். எந்த வரியை வைத்து இந்த விடையைச் சொன்னீர்கள் என்று கேட்டால், விரலை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

இனி, வினாவை முதலில் படிப்பதா என்ற கேள்வி. இதற்குத் தேர்வின் வடிவத்தைப் பார்க்காமல் விடை சொல்லவே முடியாது. கணினி வழிக்கு மாறிய பிறகு எஸ்.ஏ.டி.யில் பத்திகள் 25 முதல் 150 சொற்களுக்குள் அடங்குகின்றன, பத்திக்கு ஒரே வினாதான், வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியின் ஒவ்வொரு பாதியிலும் 32 நிமிடத்தில் 27 வினாக்கள். ஒரு வினாவுக்குக் கிட்டத்தட்ட 71 விநாடி. அங்கே வினாவை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவது புத்திசாலித்தனம். அமெரிக்கச் சட்டக் கல்விக்கான எல்சாட்டின் வாசிப்புப் பகுதியில் 35 நிமிடத்தில் பத்தியும் வினாக்களுமாக நான்கு தொகுதிகள், மொத்தம் ஏறத்தாழ 27 வினாக்கள். தொகுதிக்கு எட்டே முக்கால் நிமிடம். ஆறேழு வினாக்களை முன்கூட்டியே படித்து மனத்தில் சுமந்துகொண்டு, கடினமான பத்தி ஒன்றைப் படிக்க இயலுமா என்பதை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள். மூன்றாவது வினாவைப் படிக்கும்போதே முதல் வினா மறந்துவிடும். வெளிநாட்டு மேலாண்மைக் கல்விக்கான ஜிமேட் தேர்விலோ இந்தக் கேள்விக்கே இடமில்லை. முன்னிருக்கும் வினாவுக்கு விடை தராமல் அடுத்ததை அங்கே பார்க்க முடியாது, ஆகவே எல்லா வினாக்களையும் முதலில் படியுங்கள் என்ற அறிவுரையை மாணவர் விரும்பினாலும் பின்பற்ற வழியில்லை. பல தேர்வுகளின் பெயரை ஒரே வரியில் அடுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே உத்தியைத் தந்த கட்டுரையாளர், இதைக் கவனித்திருக்கலாம்.

வேக வாசிப்பைப் பற்றிய யோசனைதான் மாணவர்களின் பணத்தையும் நேரத்தையும் அதிகம் விழுங்குவது. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எம்கேட் வாசிப்புப் பகுதியில் 90 நிமிடத்தில் ஒன்பது பத்திகள், 53 வினாக்கள். பத்தி ஒன்றுக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. பத்தியின் நீளம் 500 முதல் 600 சொற்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் மார்க் பிரைஸ்பேர்ட் 2019-இல் தந்த கணிப்பின்படி, வயது வந்தவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள். அந்த வேகத்தில் 550 சொற்களைப் படிக்க இரண்டு நிமிடமும் 20 விநாடியும் போதும். பத்தி கடினமானது, ஆங்கிலம் தாய்மொழியல்ல என்பதற்காக நான்கு நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது. அந்த ஆறு நிமிடமும் எங்கே போகிறது? இரண்டு தெரிவுகளுக்கு இடையே ஊசலாடுவதில் போகிறது. வாசிப்பு வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் மிச்சமாவது இரண்டு நிமிடம்தான். அரைகுறையாகப் படித்ததன் விளைவாக ஊசலாட்டம் நீண்டு, அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

படித்த வரிக்குத் திரும்பாதீர்கள் என்ற அறிவுரைக்கு எதிராக நேரடிச் சான்றே இருக்கிறது. படிக்கும்போது கண் பின்னோக்கிச் சென்று முந்தைய சொற்களைப் பார்ப்பது எல்லா வாசகர்களுக்கும் இயல்பு. கடந்துவிட்ட சொற்களை மறைத்து, திரும்பிப் பார்க்க முடியாதபடி செய்து நடத்தப்பட்ட 2014-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில் வாசகர்களின் புரிதல் குறைந்தது. கண்ணசைவு ஆய்வில் முன்னோடியான கீத் ரேனரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வேக வாசிப்பு முறைகளை மொத்தமாக எடைபோட்டபோது, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும் என்ற கொடுக்கல் வாங்கலிலிருந்து தப்ப வழியில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். சொல்வளமும் மொழிப் பழக்கமும் கூடினால் வேகம் தானாக வரும். அதற்குக் குறுக்குவழி எதையும் நான் கண்டதில்லை.

அப்படியானால் பத்தியை எப்படிப் படிப்பது? இங்கே நான் தேர்வு வழிகாட்டிகளை விட்டுவிட்டு நன்னூலுக்குப் போவது வழக்கம். மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். நூல் எழுதுபவர் மேற்கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளை, எழுவகை மதம் என்று பவணந்தி முனிவர் அதன் பாயிரத்தில் வகுத்துவைத்திருக்கிறார்: பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதை மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், எதனோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். நுழைவுத் தேர்வில் வரும் வாதப் பத்திகளை எடுத்து வைத்துப் பாருங்கள். மிகப் பெரும்பாலானவை இந்த ஏழில் ஒன்றில் விழும். "நெடுங்காலமாக அறிஞர்கள் கருதிவந்தது என்னவென்றால்" என்று பத்தி தொடங்கினால், ஏற்றுக்கொண்டு களைதலோ மறுத்தலோ வரப்போகிறது என்று நன்னூல் படித்தவர் எதிர்பார்ப்பார். இரண்டு அறிஞர்களின் பெயர் வந்தால், ஆசிரியர் யார் பக்கம் துணிகிறார், அல்லது துணியாமல் விடுகிறாரா என்று தேடுவார். எல்சாட்டில் 2007 முதல் இரண்டு சிறு பத்திகளை அருகருகே தந்து கேட்கும் ஒப்பீட்டு வாசிப்பு உண்டு. ஒருவர் நிலையிலிருந்து மற்றவர் எதை ஏற்பார், எதை மறுப்பார் என்பதே அங்கு வினாக்களின் உயிர்நாடி.

மேலே தந்த பறவைப் பத்தி இந்த ஏழில் எதிலும் முழுமையாக அடங்காது என்பதையும் நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஆசிரியர் பிறர் கருத்தை மறுக்கவில்லை, ஐயத்தை எழுப்பியதோடு நின்றுவிடுகிறார். மறுத்தலுக்கும் ஐயுறுதலுக்கும் இடையிலான அந்த மெல்லிய இடைவெளியில்தான் முதல் தெரிவு காத்திருந்தது. ஒவ்வொரு பத்தியையும் படித்து முடித்தவுடன், தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன், இவர் என்ன நிலை எடுத்தார், எவ்வளவு உறுதியோடு எடுத்தார் என்று தனக்குத்தானே ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்வதற்குப் பத்து விநாடி ஆகும். என் மாணவர்களிடம் நான் கட்டாயமாகக் கேட்கும் ஒரே பழக்கம் இதுதான்.

பத்தியைப் படிக்காமலே தெரிவுகளை வைத்து விடை காணலாம் என்று தங்கள் கட்டுரை ஓரிடத்தில் குறிப்பிட்டிருந்தது. அதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுப்பது நேர்மையாகாது. அந்நாளைய எஸ்.ஏ.டி.யின் வாசிப்பு வினாக்களைப் பத்தி தராமலே மாணவர்களிடம் தந்து 1990-இல் வெளியான ஆய்வு ஒன்றில், குருட்டுத்தனமாகக் குறித்தால் கிடைக்கக்கூடியதைவிட அதிக மதிப்பெண்ணை அவர்கள் பெற்றார்கள். ஆனால் குருட்டு அடியைவிட மேல் என்பது கல்லூரியில் இடம் வாங்கித் தரும் மதிப்பெண் அல்ல. தெரிவின் தொனியை நோக்கி ஐயப்படுவது நல்லது. "எப்போதும்", "ஒருபோதும்", "மட்டுமே" போன்ற சொற்கள் வந்தால் பத்தியும் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தியே உறுதியாகப் பேசியிருந்தால், அத்தகைய தெரிவுதான் சரியான விடை. கடுமையான சொல் இருந்தாலே தவறு என்று மனப்பாடம் செய்துவந்த மாணவர்கள் அங்கே கவிழ்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஊகித்துக் குறிப்பது பற்றியும் தேர்வுக்குத் தேர்வு விதி மாறும். எஸ்.ஏ.டி.யில் 2016-இலிருந்து தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கான ஜி.ஆர்.இ.யிலும் எல்சாட்டிலும் இல்லை. அங்கே எந்த வினாவையும் வெறுமையாக விடுவது நஷ்டம். நம் நாட்டு மேலாண்மைக் கல்விக்கான கேட் தேர்வில் நான்கு தெரிவு வினாவுக்குச் சரியான விடைக்கு மூன்று, தவறுக்குக் கழித்தல் ஒன்று. குருட்டு அடிக்கு அங்கே சராசரி ஆதாயம் சரியாகப் பூஜ்யம். ஒரு தெரிவை உறுதியாக நீக்கிவிட்டால் ஆதாயம் மூன்றில் ஒரு மதிப்பெண், இரண்டை நீக்கினால் ஒரு மதிப்பெண். நம் நாட்டுச் சட்டப் படிப்புக்கான கிளாட்டில் தவறுக்குக் கால் மதிப்பெண்தான் போகும் என்பதால் கணக்கு இன்னும் தாராளம். நெகட்டிவ் மார்க் என்றாலே நடுங்கி விட்டுவிடும் மாணவர்களிடம் இந்தக் கூட்டல் கழித்தலைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும். ஜி.ஆர்.இ.யின் சில வினாக்களில் மூன்று தெரிவுகளில் பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்க வேண்டும், ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை. அங்கே தெரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பத்தியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பயிற்சி. நாளொன்றுக்குப் பத்துப் பத்திகள் என்று வெறித்தனமாகச் செய்துவிட்டு, விடைத்தாளைப் பார்த்து மதிப்பெண் போட்டு மூடிவைக்கும் மாணவர்கள்தான் அதிகம். என்னிடம் படித்த மாணவி ஒருவருக்கு மூன்று மாதமாக மதிப்பெண் நகரவேயில்லை. நாளொன்றுக்கு இரண்டே பத்தி செய்யுங்கள், தவறிய வினா ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஏன் அந்தத் தெரிவை நம்பினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று ஒரு நோட்டைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது பாதிக்கு மேற்பட்ட வரிகள் ஒன்றுபோலவே இருந்தன: "பத்தியில் யாரோ சொன்னதாக வந்ததை ஆசிரியர் சொன்னதாக நினைத்தேன்." அவருக்கு வேகமோ சொல்வளமோ பிரச்சினையாக இருக்கவில்லை. "என்பர்", "எனக் கருதப்பட்டது" என்று பொருள்படும் சொற்களைக் கண்டவுடன் கோடிடும் ஒரே பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். பிழைகள் குறையத் தொடங்கின. இத்தகைய நோட்டுக்கு ஏற்ற பத்திகள், தேர்வை நடத்தும் அமைப்புகளே வெளியிடும் பழைய வினாத்தாள்களிலும் மாதிரித் தாள்களிலும் கிடைக்கின்றன. வெளியார் தயாரிக்கும் தாள்களில் தவறான தெரிவுகள் கவனமாகச் செதுக்கப்பட்டிருப்பதில்லை. அவற்றில் பழகினால் உண்மைத் தேர்வின் பொறிகள் கண்ணில் படாமல் போகும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். யோசனைகளைப் பட்டியலிடும் கட்டுரைகளுக்குப் பதிலாக, கல்வி இணைப்பில் வாரம் ஒரு பத்தியையும் அதற்கு ஒரே ஒரு வினாவையும் வெளியிடுங்கள். அடுத்த வாரம் சரியான விடையின் எண்ணை மட்டும் அச்சிட்டு முடித்துவிடாமல், தவறான மூன்று தெரிவுகளும் ஒவ்வொன்றாக எந்தச் சொல்லில் தவறுகின்றன என்பதைப் பத்தியின் வரியோடு சேர்த்து அச்சிடுங்கள். அதற்குக் கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர், பயிற்சி ஆசிரியர் ஒருவர்